பூசணிக்காய் உடைக்காத படம்

புலியூத்து ஊருக்கு மேற்கே, புளியந்தோப்பைத் தாண்டி, ஆளில்லாத ஓட்டு வீட்டின் பின்னால் இருக்கிற கிணற்றில் முப்பத்தெட்டு நாள் பேயாக வேலை பார்த்த அது, படப்பிடிப்பு முடிந்து, விளக்குகளை ஏற்றிய லாரியும் ஜெனரேட்டர் வண்டியும் நடிகர்களும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் தன் வேலையை விடவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதில், தோப்பின் நிழல்களெல்லாம் மரத்தடிக்குள் ஒடுங்கிக்கொண்ட நேரத்தில், வழக்கம்போல ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. படத்தில் நடித்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால் ஊரில் இருந்த ஒருத்தியைக் கூப்பிட்டது. அவள் சொர்ணத்தாய், படக்குழுவுக்குச் சமைத்துப் போட்டவள். பின்வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே, "என்ன?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இயக்குநர் தாணுமூர்த்திக்கு நான்கு மாதம் வரை இது தெரியாது. அவர் அப்போது சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், வெளியே மழையா வெயிலா என்று தெரியாமல், தன் படத்தில் ஏன் பேய் இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு வயது. இதற்கு முன் எடுத்த இரண்டு பேய்ப் படங்களிலும் பேய் வந்த இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவே இல்லை. நமக்கு உண்மையிலேயே பயம் என்றால் என்னவென்று தெரியுமா, அல்லது தெரிந்த மாதிரி இத்தனை காலம் காட்டிக்கொண்டிருந்தோமா என்று கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வார்.

மூன்றாவது படத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கதை. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாத இதழில் வந்தது, எழுதியவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, அந்த ஒரு கதைக்குப் பிறகு அவர் வேறு எதுவும் எழுதவில்லை. தாணுமூர்த்தி தன் பதினோராம் வயதில், முடிவெட்டும் கடையில் முறை வருவதற்காகக் காத்திருந்தபோது, அட்டை கிழிந்த பழைய தொகுப்பில் அதைப் படித்தார். ஒரு வீட்டில் ஏழு பேர். வீட்டுக் கிணற்றுக்குள் ஒருநாள் அது வந்து சேர்கிறது. உருவம் கிடையாது, குரல் மட்டும். தினமும் உச்சியில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். "என்ன?" என்று கேட்டவர் எழுந்து கிணற்றை நோக்கி நடந்து போவார், திரும்பி வரமாட்டார். ஆறு பேர் அப்படிப் போகிறார்கள். ஏழாவது ஆள் காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறான். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தன் முறைக்காகக் காத்திருக்கிறான். அது அவனைக் கூப்பிடவில்லை. கதை அவ்வளவுதான். அன்றைக்குப் பாதி முடி வெட்டிய தலையோடு கடையை விட்டு ஓடி வந்தவர், ஏழாவது ஆளை ஏன் கூப்பிடவில்லை என்று நாற்பத்து மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

புலியூத்தில் படப்பிடிப்பு நடந்தபோது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஐம்பது வருஷமாக வற்றிக் கிடந்த கிணற்றில் டேங்கர் லாரியால் தண்ணீர் நிரப்பினார்கள். மூன்றாம் நாளிலிருந்து, காட்சிக்குக் காட்சி, கிணற்றுக்குள்ளிருந்து பெயர் சொல்லும் ஒரு குரல் வந்தது, ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, ஆனால் நம்மை நன்றாகத் தெரிந்த யாரோ ஒருவருடைய குரல். உதவி இயக்குநர் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று ஒலிப்பதிவாளர் நினைத்தார். ஒலிப்பதிவாளரின் கைவேலை என்று உதவி இயக்குநர் நினைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து நமக்காகச் செய்கிறார்கள் என்று தாணுமூர்த்தி நினைத்து மனம் நெகிழ்ந்தார். படப்பிடிப்பில் நன்றாக நடக்கிற காரியத்தை யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கெட்டால்தான் கேட்பார்கள்.

சென்னைக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டபோது காக்கை கரைவது இருந்தது, வாளி மோதுவது இருந்தது, நடிகை மூச்சு வாங்குவது இருந்தது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பின்னணிக் குரல் கொடுப்பவர்களை வரவழைத்தார்கள். எட்டு பேர் தொண்டையைக் கரகரப்பாக்கியும் குழைத்தும் பேசிப் பார்த்தார்கள். பதிவு செய்து ஓட்டினால் அந்த இடம் மறுபடியும் வெறுமையாக இருந்தது, யாரோ துண்டு போட்டுப் பிடித்து வைத்த இருக்கை மாதிரி.

தயாரிப்பாளர் வந்து பார்த்தார். வெளியீட்டுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"தாணு சார், பேயை எடுத்துடுங்களேன்," என்றார். "பேய் இல்லாம பாத்தா நல்ல குடும்பப் படமா இருக்கு. ஏழு பேர், கிணறு, சமையல்கட்டு. நடுவுல ஒரு பாட்டு வெச்சுடலாம்."

அவர் போன பிறகு, நிர்வாகம் பார்க்கும் கோதண்டம் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் நின்றார். இருபது வருஷமாகத் தாணுமூர்த்தியோடு இருப்பவர். மூன்று படத்துக்கும் டிபன் முதல் தீப்பெட்டி வரை வாங்கியவர்.

"சார், ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்."

"கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கலை."

தாணுமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். கடைசிக் காட்சி எடுத்ததும் ஒரு வெண்பூசணியின் தலையில் கற்பூரத்தை ஏற்றி, கேமராவை மூன்று சுற்றுச் சுற்றி, தரையில் ஓங்கி உடைப்பார்கள். உடைத்தால்தான் படப்பிடிப்பு முடிந்தது. அது வரைக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டாலும், முடியவில்லை.

"வாங்கி வெச்சிருந்தீரே. நானே பார்த்தேன், கேமரா பெட்டி மேல."

"அதான் சார். அந்தச் சமையல்காரம்மா, நல்ல காயா யாரோ வெயில்ல போட்டு வெச்சிருக்காங்களேன்னு எடுத்துட்டுப் போய் நறுக்கிடுச்சு. மோர்க்குழம்புல போயிடுச்சு. கடைசி ஷாட் முடிஞ்சு தேடுறேன், காணோம். விசாரிச்சா இலையில கெடக்குது. நீங்ககூட ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க, நல்லா இருக்குன்னு."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"அவ்வளவு சந்தோஷமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க சார். எப்படிச் சொல்றது?" கோதண்டம் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு ஷூட்டிங் முடிஞ்சதே தெரியாது சார். பாவம், இன்னும் அங்கேயே டூட்டி பாத்துக்கிட்டுக் கெடக்குதாம். ஊருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

சிரிக்கலாமா என்று தாணுமூர்த்தி ஒரு கணம் யோசித்தார். வேலை முடிந்தது என்று சொல்ல ஆளில்லாமல் வேலை பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். மறுநாள் இரண்டு பேரும் ரயில் ஏறினார்கள். வெண்பூசணியைக் கோதண்டத்தை நம்பிக் கொடுக்காமல் அவரே மடியில் வைத்துக்கொண்டார். விடிந்து இறங்கும்போது கால்சட்டை முழுக்கக் காயின் வெள்ளைச் சாம்பல் ஒட்டியிருந்தது.

தென்காசியிலிருந்து பேருந்து பிடித்துப் புலியூத்தில் இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். தேநீர்க் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கையில் முறத்தோடும் பீடித் தட்டோடும் மேற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஏதும் விசேஷமா?" என்று தாணுமூர்த்தி கேட்டார்.

"பன்னண்டு ஆவுதுல்லா," என்றார் கடைக்காரர், அதுவே விளக்கம் என்பதுபோல.

நடந்தபடியே அவர்கள் சொன்னதிலிருந்தும், பிறகு அங்கே தங்கிய நாட்களில் கேட்டதிலிருந்தும் தாணுமூர்த்தி தெரிந்துகொண்டது இதுதான். சொர்ணத்தாயைக் கூப்பிட்ட மறுநாள் அது பதினோரு பேரைக் கூப்பிட்டது, பதினோரு பேரும் "என்ன?" என்று கேட்டார்கள், ஒருவரும் கிணற்றுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஊரைக் கூட்டிப் பேசினார்கள். கதையைப் படித்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பதில் சொன்னால் ஆபத்து, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு வாயைத் திறந்து பதில் சொல்லாமல் இருப்பது என்ன பழக்கம், நம் ஊரில் அப்படி யார் இருந்திருக்கிறார்கள் என்று ஊர் கேட்டது. வாத்தியாருக்கு அப்படி ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து அது வாத்தியாரைக் கூப்பிட, அவரும், "என்ன?" என்றார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

பிறகு ஊர் அதற்கு வேலை கொடுத்தது. ரேஷன் கடையில் வரிசை நிற்பதை நிறுத்திவிட்டார்கள். அது யாரைக் கூப்பிடுகிறதோ அவர் பையை எடுத்துக்கொண்டு போனால் போதும். கண்மாய் வேலைக்கு வந்தவர்களின் பெயரை அது வாசித்தது, வராதவரின் பெயரை இரண்டு தடவை வாசித்தது. காணாமல் போன வெள்ளாட்டைக்கூட அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, ஆடு எங்கிருந்தோ பதில் சொன்னது, போய்ப் பிடித்து வந்தார்கள். வேலித் தகராறில் இருபது வருஷமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "என்ன?" என்றார்கள், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள், கேள்வி கேட்டாயிற்று, இனிப் பேசாமல் இருக்க முடியாது என்று பேச ஆரம்பித்தார்கள். அசலூரில் கட்டிக்கொடுத்த பெண்கள், அது தங்களைக் கூப்பிடுகிறதா என்று பார்க்கவே பஸ் ஏறி வந்தார்கள். கூப்பிட்டது. அதற்குக் கூப்பிட மட்டும்தான் தெரியும் என்பதை ஊர் புரிந்துகொண்டிருந்தது; கூப்பிட்டுவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று அதற்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

கிணற்றடியில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஊராட்சித் தலைவர் பூரணவல்லி. படப்பிடிப்பு நாட்களில் தாணுமூர்த்தி அவளைப் பார்த்திருக்கிறார். அனுமதிக் கடிதத்தில் அவள் பெயர் இருந்தது, ஆனால் கையெழுத்துப் போட்டது, மாலை வாங்கியது, தலைவர் என்று அழைக்கப்பட்டது எல்லாம் அவள் புருஷன் பரமசிவன். அவள் காபித் தட்டோடு வந்து போனாள். இப்போது அவள் முன்னால் நின்றாள், பரமசிவன் பின்னால் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்வாள். கையில என்னது, தடியங்காயா?"

"ஆமாம்மா, பூசணிக்காய்தான்."

"உடைக்கவா வந்திருக்கிய?"

தாணுமூர்த்தி கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் வாழை மரத்தைப் பார்த்தார்.

"உடைச்சாத்தான் படம் முடியும்," என்றார் தாணுமூர்த்தி. "முடிஞ்சாத்தான் அது படத்துக்குள்ள வரும்."

"வந்துட்டா இங்க இருக்காது."

"இருக்காது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூரணவல்லி கையை உயர்த்தியதும் அடங்கியது.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு ஆச்சு. கல்யாணப் பத்திரிகையில எம்பேரை அச்சடிச்சாவ. அதுக்கப்புறம் தேர்தல் சீட்டுல அச்சடிச்சாவ. ரெண்டு தடவையும் வாயால ஒருத்தரும் சொல்லல. இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு அம்மா, தலைவர் வீட்டம்மா. இது ஒருநா உச்சியில, ஊரு பூராக் கேக்க, பூரணவல்லின்னு கூப்பிட்டுச்சு. யாரையோ கூப்பிடுதுன்னு இருந்தேன். மறுபடியும் கூப்பிட்டுச்சு. என்னன்னு கேட்டேன். கேட்ட கையோட ஆபீஸ் சாவியை இவுககிட்ட இருந்து வாங்கிட்டேன்."

"இடுப்புல இருந்து உருவிட்டா," என்றார் பரமசிவன் குடைக்குப் பின்னாலிருந்து. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார்.

"ஆனா உங்க வேலையும் வேலைதான்," என்றாள் பூரணவல்லி. "கொடுத்த வேலையை முடிக்கவுடாம நாங்க தடுத்தா அது நியாயம் இல்ல. ஒண்ணு செய்ங்க. மொதல்ல படத்தைப் போட்டுக் காட்டுங்க. நாங்களும் பாத்தது இல்ல, அதுவும் தன் படத்தைப் பாத்தது இல்ல. பாத்துட்டு, உடைக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா உடைங்க. ஒருத்தரும் கையைப் பிடிக்க மாட்டோம்."

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் ஓட்டு வீட்டின் பின்சுவரில் நான்கு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினார்கள். ஊராட்சி ஆபீசிலிருந்து படம் காட்டும் கருவி வந்தது, கோதண்டம் பையில் வைத்திருந்த படத்தை அதில் போட்டார். கிணறு பக்கவாட்டில் இருந்ததால், அதற்கு மறைக்காமல் எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். தாணுமூர்த்தி கடைசியில், மடியில் பூசணிக்காயோடு உட்கார்ந்தார். இவர்கள் சிரித்தால், மடியில் இருப்பதை இப்போதே உடைத்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

திரையில் உச்சி வெயில் வந்தது. முதல் மருமகள் வாளியோடு நின்றாள். குரல் வர வேண்டிய வெறுமை வந்தது. அந்த நொடியில் பக்கத்துக் கிணறு, மாடத்தி என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வாத்தியங்கள் சேர்க்காத, யாரும் மெருகேற்றாத அந்தக் குரலில் தாணுமூர்த்தியின் முதுகுத்தண்டு சிலிர்த்தது. இதுதான், பதினோரு வயதில் படித்தபோது கேட்டது இதுதான் என்று நினைத்தார். ஆனால் திரையில் மாடத்தி பயந்து போய்ப் பதில் சொல்லாமல் நிற்க, ஊருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, கூப்பிடுதுல்லா, என்னன்னு கேளேன்!"

"காது கேக்கலையோ என்னமோ."

அவள் வாய் திறப்பதற்குள் முந்நூறு பேரும் சேர்ந்து அவளுக்காக, "என்ன?" என்றார்கள். மாடத்தி கிணற்றுக்குப் போனாள். கைதட்டினார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டது, அதற்கும் ஊரே பதில் சொன்னது. படம் திருவிழா மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. தாணுமூர்த்தி பூசணிக்காயின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். மறுபடியும் தோற்றோம் என்று நினைத்தார். இவர்களுக்குப் பயமே கிடையாது, நமக்குத்தான் பயம், அது மட்டும்தான் நாம் சம்பாதித்தது என்று நினைத்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ஏழாவது ஆள் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். ஊர் அவனுக்காகவும் "என்ன?" என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தது. கிணறு கூப்பிடவில்லை. திரையில் நிழல் ஓரடி நகர்ந்தது. கூப்பிடவில்லை. ஒரு காக்கை வந்து சுவரின் மறுமுனையில் உட்கார்ந்து, அவனைப் பார்த்துவிட்டுப் போனது. கூப்பிடவில்லை.

"இந்த மனுசனை ஏன் கூப்பிட மாட்டேங்கு?" என்று சொர்ணத்தாய் மெதுவாகக் கேட்டாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பரமசிவன், ஓரமாக இருந்தவர், எழுந்து போய்ப் பூரணவல்லியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். ஆறு பேர் கிணற்றுக்குள் போனபோது கைதட்டிய ஊர், ஒருவன் வெளியே மிச்சமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்தது.

தாணுமூர்த்தி அதைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் தேடியது அங்கே, முந்நூறு முகங்களில், வேட்டியிலிருந்து தெறித்த வெளிச்சத்தில் இருந்தது. கிணற்றுக்குள் போவது பயம் இல்லை, ஒருவரும் கூப்பிடாமல் சுவரில் உட்கார்ந்திருப்பதுதான் பயம் என்று அந்தக் குமாஸ்தா தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். நாற்பத்து மூன்று வருஷமாக அவரும் பஞ்சை எடுத்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட வேண்டியவர், அந்த முகங்களைப் பார்க்க முடியாமல், போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல எழுந்தார்.

அப்போது கிணறு, "தாணு," என்றது.

திரையில் இருந்தவனின் பெயர் அது இல்லை. ஊர் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அவருக்காக யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அங்கேயே இருந்ததால் காத்திருந்தார்கள். அவர் பூசணிக்காயை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்ன?" என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஊர் மூச்சை விட்டது. யாரோ விசிலடித்தார்கள்.

காலையில் தாணுமூர்த்தி சொர்ணத்தாய் வீட்டுக்குப் போய்ப் பூசணிக்காயை அவள் கையில் கொடுத்தார். கோதண்டம் தயாரிப்பாளருக்குப் போன் செய்து, "சார், ஷூட்டிங் இன்னும் முடியலை," என்றார். தயாரிப்பாளர் கத்தியது வாசல் வரை கேட்டது. சண்டை போடுவதற்கென்றே அவர் அடுத்த வாரம் காரில் வந்து இறங்கப் போவதும், உச்சியில் கிணறு அவரைக் கூப்பிடப் போவதும், கூப்பிட்டதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு "என்ன?" என்று கேட்கப் போவதும், அதன் பிறகு உலகத்தில் வேறெங்கும் ஓடாத அந்தப் படம் புலியூத்துக் கிணற்றடியில் மட்டும், அவர் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில், வாராவாரம் வேன் வேனாக ஜனங்கள் வர, வருஷக்கணக்கில் ஓடப் போவதும் அப்போது கோதண்டத்துக்குத் தெரியாது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கிணற்றடியில் இலை போட்டார்கள். அது ஒவ்வொரு பெயராகச் சொல்லப் பந்தி நிறைந்தது. தாணுமூர்த்தி தன் பெயரைக் கேட்டதும் போய் உட்கார்ந்தார். சொர்ணத்தாய் தூக்குவாளியிலிருந்து மோர்க்குழம்பை ஊற்ற, வெந்த காய்கள் சோற்றின் மேல் கண்ணாடிபோல மினுங்கின. அவர் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் இலையைக் காட்டினார்.

"நல்லா இருக்கும்மா."

"போன தடவையும் இதைத்தான் சொன்னிய," என்றாள் சொர்ணத்தாய்.